2018-19 ஐ-லீக்: சென்னை சிட்டி கப் அடித்தது அதிர்ஷ்டமா?

9 மார்ச் 2024, காலை

ஐ-லீக் என்பது இந்தியாவின் தேசியக் கால்பந்து லீக்குகளில் ஒன்று. அதை ஜெயித்த சென்னை சிட்டி அணியைப் பற்றி வாசகர் ஒருவர் கிளப்பிய பேச்சு இது. அவர் எழுதியது அப்படியே:

"சென்னை சிட்டி ஐ-லீக் ஜெயிச்சு இன்னியோட அஞ்சு வருஷம்னு எல்லாரும் ஸ்டேட்டஸ் வைக்கிறாங்க. எனக்கு அது அதிர்ஷ்டமாத்தான் படுது. நாலு ஸ்பெயின்காரங்க வந்தாங்க, ஆடினாங்க, கப்பை வாங்கிக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். கடைசி நாள் கொஞ்சம் முன்ன பின்ன ஆகியிருந்தா ஈஸ்ட் பெங்கால் சாம்பியன். இதுல தமிழ்நாட்டுச் சாதனைன்னு என்ன இருக்கு?"

9 மார்ச் 2024, இரவு 10.40

காலையில் பார்த்தேன். பட்டறையில் வேலை ஓடிக்கொண்டிருந்ததால் பதில் எழுத முடியவில்லை. ஆனால் லேத்துக்கு முன்னால் நின்றபடி நாள் முழுக்க இதே யோசனைதான்.

பெயரில் சென்னை இருந்தாலும் அணியின் சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம்தான். அந்த சீசனில் அங்கே நடந்த ஆட்டங்களில் இரண்டைத் தவிர எல்லாவற்றையும் நேரில் பார்த்தவன் நான். அதனால் "அதிர்ஷ்டம்" என்ற சொல்லைச் சும்மா விட மனசில்லை.

கடைசி நாளிலிருந்தே தொடங்குகிறேன். 2019 மார்ச் 9, சனிக்கிழமை, மாலை 5 மணி. எதிரணி மினர்வா பஞ்சாப். முந்தைய சீசன் சாம்பியன்கள் அவர்கள்தான், ஆனால் அந்த வருடம் கீழே கிடந்தார்கள். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுக்கும் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆட்டம். எங்களுக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39.

3ஆவது நிமிடத்தில் மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் போட்டுவிட்டார். உட்கார இடம் பிடித்துக்கொண்டிருந்த பாதிப் பேர் அந்த கோலைப் பார்க்கவே இல்லை. என் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர், மடியில் ஒரு துணிப்பை. கோல் விழுந்ததும் "சரி விடுங்க தம்பி, இன்னும் 87 நிமிஷம் இருக்குது" என்றார். எனக்கு வாய் வரவில்லை.

இடைவேளை வரை 0-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் முன்னிலையில் இருப்பதாக கேலரியில் ஒரு பேச்சு. கோப்பை போய்விட்டது என்றே நினைத்தேன்.

56ஆவது நிமிடம் பெனால்டி. பெத்ரோ மான்சி பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தபோது, ஸ்டேடியத்துக்கு வெளியே பஸ் ஹாரன் அடிப்பது தெளிவாகக் கேட்டது. அத்தனை பேர் இருந்த இடத்தில் அப்படி ஒரு அமைதி. கோல். அப்புறம் கௌரவ் போரா 75ஆவது நிமிடத்தில் ஒன்று, கூடுதல் நேரத்தில் இன்னொன்று. 3-1.

ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்தது. 43-க்கு 42. நீங்கள் சொன்ன ஒரு புள்ளி அதுதான்.

மீதியை நாளை எழுதுகிறேன்.

10 மார்ச் 2024, காலை 6.15

ஒரு திருத்தம். போராவின் முதல் கோல் 75 இல்லை, 69ஆவது நிமிடம். இரண்டாவது 90+3.

10 மார்ச் 2024, மதியம்

ஞாயிற்றுக்கிழமை, பொறுமையாக எழுதலாம்.

"நாலு ஸ்பெயின்காரர்கள்" என்பதற்கு வருகிறேன். நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்டோ எஸ்லாவா, மான்சி. இதில் மான்சி உருகுவேயில் பிறந்தவர், ஸ்பெயினில் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தவர். அந்த சீசனில் 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் 21. லீக்கில் இவர்கள் இருவரும்தான் முதலிடம்.

ஆக, மான்சி இல்லாமல் கோப்பை இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் 21 கோல் போட்டவரிடம் பந்து எப்படி வந்தது? பின்னாலிருந்து பந்தை உருட்டி உருட்டித்தான் கொண்டுவந்தார்கள். பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். கோல்கீப்பர் கையில் பந்து கிடைத்தால் நடுமைதானத்தைத் தாண்டி ஓங்கி உதைப்பதைத்தான் நாங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறோம். இவர்கள் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கொடுத்தார்கள். முதல் ஆட்டத்தில் எங்கள் கேலரியே "அடிச்சு வுடு, அடிச்சு வுடு" என்று கத்தியது. 2018 அக்டோபர் 26, இந்தியன் ஆரோஸுக்கு எதிராக. 4-1. மான்சி ஹாட்ரிக். அதோடு கத்தல் நின்றுவிட்டது.

நடுவில் எட்வின் சிட்னி வான்ஸ்பால் இருந்தார், நம்ம பையன். அவர் ஆட்டத்தை டிவியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நேரில்தான் பார்க்க வேண்டும். பந்து அவரிடம் வருவதற்கு முன்பே இரண்டு தடவை தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துவிடுவார். பந்து வந்ததும் ஒரு தொடல், திரும்பல், பாஸ். அவ்வளவுதான். தொண்ணூறு நிமிடமும் இதே வேலை. நான் ஒரு ஆட்டத்தில் முழுதாக முதல் பாதி அவரை மட்டுமே பார்த்தேன். பந்து எங்கே போனாலும் சரி என்று கண்ணை அவர் மேலேயே வைத்திருந்தேன். நிற்கவே இல்லை மனுஷன்.

வலது ஓரத்தில் அஜித்குமார் காமராஜ், முன்னால் அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ். இவர்களும் தமிழ்நாட்டுப் பையன்கள். இவர்களை விட்டுவிட்டு நாலு பேர் கணக்கு மட்டும் சொன்னால் எப்படி?

10 மார்ச் 2024, மாலை

மதியம் எழுதியதைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன் போல. கேள்வி கேட்ட நண்பர் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

12 மார்ச் 2024

பாலக்காட்டு நண்பர் ஒருவர் பதில் போட்டிருக்கிறார். அன்று அவர் கோழிக்கோட்டு ஸ்டேடியத்தில் இருந்தாராம். அவர் சொல்லும் கணக்கு:

இடைவேளையில் அங்கே 0-0. முதலில் கோல் போட்டது கோகுலம்தான், மார்க்கஸ் ஜோசப், 69ஆவது நிமிடம். 79-ல் ஜெய்மே சாண்டோஸ் பெனால்டியில் சமன் செய்தார். 85-ல் லால்டன்மாவியா ரால்டே இரண்டாவது கோல்.

அப்படியானால் இடைவேளையில் எங்கள் கேலரியில் ஓடிய பேச்சு தப்பு. அங்கே ஈஸ்ட் பெங்கால் கோலே போட்டிருக்கவில்லை. ஐந்து வருடமாக நான் இதை எல்லோரிடமும் தப்பாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

அவர் சொன்னதில் இன்னொன்றும் கவனியுங்கள். அங்கே ஜோசப் கோல் 69. இங்கே போரா கோல் 69. ஏறத்தாழ ஒரே நேரம்! போரா கோலுக்கு எழுந்த சத்தம் அடங்கும் முன்னால் இன்னொரு சத்தம் எழுந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் சத்தத்தின் தொடர்ச்சி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கோழிக்கோட்டுச் செய்தி யார் போனிலோ வந்து சேர்ந்த சத்தமாக இருக்கும்.

12 மார்ச் 2024, இரவு

தூக்கம் வரவில்லை, பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இடைவேளை நிலவரப்படியே ஆட்டங்கள் முடிந்திருந்தால்: நாங்கள் தோல்வி, 40. ஈஸ்ட் பெங்கால் சமன், 40. இரண்டு அணியும் ஒரே புள்ளி. அப்போது ஐ-லீக்கில் முதலில் பார்ப்பது இந்த இரண்டு அணிகளும் ஒன்றோடொன்று ஆடிய ஆட்டங்களை.

2018 நவம்பர் 13, கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம்: ஈஸ்ட் பெங்கால் 1, சென்னை சிட்டி 2.

2019 ஜனவரி 14, கோவை: சென்னை சிட்டி 2, ஈஸ்ட் பெங்கால் 1.

இரண்டுமே நம்முடையது. அதாவது இடைவேளையில், நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோதும், சென்னை சிட்டிதான் சாம்பியன்.

கடைசி நாளில் கிடைத்த அதிர்ஷ்டம் என்கிறார்களே, அதற்கு என் பதில் இதுதான். எங்கள் தோளுக்குப் பின்னால் ஒரு சுவர் இருந்தது. அந்தச் சுவரை நவம்பரிலும் ஜனவரியிலும் கட்டிவிட்டார்கள்.

13 மார்ச் 2024

நேற்று இரவு எழுதியதில் ஒரு பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன். மறுபாதி: ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அவர்களுக்கு 42. அப்போது நமக்கு சமன் போதாது, 41தான் வரும். ஆகவே 85ஆவது நிமிடத்திலிருந்து போராவின் இரண்டாவது கோல் வரை, 2-1 என்று முன்னால் இருந்தும், மினர்வா ஒரு கோல் போட்டிருந்தால் கோப்பை கொல்கத்தாவுக்குத்தான். நேரில் இருந்தவர்களுக்கு உண்மையான பயம் அந்த எட்டு நிமிடம்தான். ஆக, கேள்வி கேட்ட நண்பர் சொன்ன "முன்ன பின்ன" என்பது முழுப் பொய் இல்லை.

அந்த எட்டு நிமிடத்தில் பக்கத்துப் பெரியவர் துணிப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். மைதானத்தைப் பார்க்கவே இல்லை. சத்தம் வந்ததும் "யாருக்கு? யாருக்கு?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். "நமக்குங்க ஐயா, நமக்கு" என்றேன். அந்த ஆள் அழுதார்.

16 மார்ச் 2024

இன்னொருவர் கேட்கிறார்: "ஐ-லீக் இரண்டாம் தர லீக்தானே, அதில் ஜெயித்தால் என்ன?"

2018-19-ல் அப்படி இல்லை. ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக்கும் ஐ-லீக்கும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்கான வாய்ப்பு ஐ-லீக் சாம்பியனுக்குத்தான், ஐஎஸ்எல் சாம்பியன் அதற்கு அடுத்த நிலை ஆசியப் போட்டியான ஏஎஃப்சி கோப்பையின் தகுதிச் சுற்றுக்குத்தான் போனது. ஐஎஸ்எல்லை முதல் லீக் என்று ஆக்கியது அடுத்த சீசனிலிருந்துதான். அப்படிப் பார்த்தால் ஐ-லீக் உச்சத்தில் இருந்த கடைசி வருடத்தின் சாம்பியன் நம்ம டீம்.

இன்னும் வேண்டுமா? 2019 மார்ச் 17-ல் பெங்களூரு எஃப்சி ஐஎஸ்எல் கோப்பையை வாங்கியது. அடுத்த சில வாரத்திலேயே புவனேஸ்வரில் சூப்பர் கப். கால் இறுதியில் சென்னை சிட்டி 2, பெங்களூரு 1. இரண்டு சாம்பியன்களும் நேருக்கு நேர் நின்றார்கள், முடிவு இது. அரை இறுதியில் கோவா எங்களை 3-0 என்று அடித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கோவா அந்த நேரத்தில் நாட்டிலேயே அழகாக ஆடிய அணி.

16 மார்ச் 2024, பின்குறிப்பு

பெங்களூருவைத் தோற்கடித்த அன்று எங்கள் தெருவில் ஒரு பையன் தன் நாய்க்குட்டிக்கு மான்சி என்று பெயர் வைத்தான். மான்சி இப்போது நன்றாக வளர்ந்துவிட்டான். தெருவில் பந்து உருண்டால் முதலில் ஓடுவது அவன்தான், திருப்பித் தரத்தான் மாட்டான்.

21 மார்ச் 2024

ஜனவரி ஆட்டத்தைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

அன்று போகி. காலையிலேயே வீட்டில் வெள்ளையடித்த சுண்ணாம்பு கை விரல் இடுக்கில் காயாமல் இருந்தது, அப்படியே கிளம்பிவிட்டேன். மறுநாள் பொங்கல், கரும்பு வாங்க வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். கரும்பை முதலிலேயே வாங்கிவிட்டேன். ஸ்டேடியத்துக்குள் கரும்போடு விடமாட்டார்கள் இல்லையா, வெளியே ஸ்டேடியத்தைச் சுற்றி இருக்கும் கடைகளில் தெரிந்த ஒரு கடைக்காரரிடம் கட்டோடு சாத்திவைத்துவிட்டு உள்ளே போனேன். திரும்பி வரும்போது அவர் கடையில் நாலு பேருடைய கரும்பு நின்றது.

ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு மூலையில் நின்று தொண்டை கிழியப் பாடினார்கள். பாவம், 2003-04-க்குப் பிறகு அவர்கள் தேசிய லீக் ஜெயித்ததே இல்லை. நூறு வருடத்தை நெருங்கிக்கொண்டிருந்த கிளப். அந்த வருடம் அலெஹாந்த்ரோ மெனெண்டஸ் என்ற ஸ்பெயின் பயிற்சியாளர், நல்ல அணி, கேரளத்து ஜோபி ஜஸ்டின் முன்னால் நின்று கோலாகப் போட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவர்களில் ஒருவர் என்னிடம் ரயில் நிலையத்துக்கு வழி கேட்டார். பக்கம்தான் என்று கூடவே நடந்து போய் விட்டுவிட்டு வந்தேன். மொழி புரியாமலே மான்சி, ஜோபி, மான்சி, ஜோபி என்று பேசிக்கொண்டே போனோம்.

22 மார்ச் 2024

நேற்று எழுதியதில் ஈஸ்ட் பெங்காலை மட்டும் சொல்லிவிட்டேன். அந்த சீசனில் ரியல் காஷ்மீர் என்று ஒரு அணி முதல் தடவையாக மேலே வந்தது. பயிற்சியாளர் ஸ்காட்லாந்தின் டேவிட் ராபர்ட்சன். முதல் வருடத்திலேயே மூன்றாம் இடம். பிப்ரவரி 14-ல் புல்வாமா தாக்குதல். நாலு நாள் கழித்து ஸ்ரீநகரில் ஆட வேண்டிய மினர்வா அங்கே போகவில்லை. ஈஸ்ட் பெங்காலுடன் ஸ்ரீநகரில் நடக்க வேண்டிய ஆட்டம் டெல்லிக்கு மாறியது. கோப்பைக்கான ஓட்டத்தில் இருந்த ஒரு அணி, மிக முக்கியமான மாதத்தில் தன் ஊர்க்காரர்கள் முன்னால் ஆட முடியாமல் போனது. நம்ம கோப்பையைப் பற்றிப் பேசும்போது இதையும் நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

30 மார்ச் 2024

"அதோடு டீமே காலி" என்று சொன்னவர்களுக்கு. இதை எழுதத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

2017-18-ல் பத்து அணியில் எட்டாவது இடம். குமரி மாவட்டத்து மைக்கேல் சூசைராஜ் அந்த வருடம் அருமையாக ஆடி, ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். அப்படி இருந்த அணி ஒரே வருடத்தில் சாம்பியன். 2019 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. இனிமேல் நம்ம ஊரில் அகாடமி வரும், பத்து வயதுப் பிள்ளைகள் பாசல் பயிற்சியில் வளர்வார்கள் என்றெல்லாம் பேசினோம். என் அக்கா மகனுக்கு அப்போது ஒன்பது வயது. அவனுக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் ஒவ்வொருவராகப் போனார்கள். எட்வின் சென்னையின் எஃப்சிக்கு. நெஸ்டர் ஹைதராபாத்துக்கு. 2020 ஜனவரியில் மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாடாவுக்கு. அதே மாதம் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபாவிடம் 0-1 தோல்வி. அந்த ஒரு ஆட்டத்தோடு முடிந்தது. பிறகு கொரோனா. அஜித் பெங்களூருவுக்கு, ரொமாரியோ கோவாவுக்கு. 2020-21 ஐ-லீக் முழுவதும் வங்காளத்தில் பூட்டிய மைதானங்களில் நடந்தது. அதுதான் சென்னை சிட்டியின் கடைசி ஐ-லீக் சீசன். கடைசி வருடத்தில் எங்கள் அணியை எங்களால் ஒரு தடவைகூட நேரில் பார்க்க முடியவில்லை.

ஆனால் ஒன்று சொல்லுங்கள். போனவர்கள் எங்கே போனார்கள்? நாட்டின் பெரிய கிளப்புகளுக்கு. நாலு வெளிநாட்டுக்காரர்களின் முதுகில் சவாரி செய்தவர்களாக இருந்தால் பெங்களூருவும் கோவாவும் ஏன் கூப்பிடுகிறார்கள்? அணி போய்விட்டது, எனக்கு அதில் ஆறாத வருத்தம் உண்டு. அதற்காக 2018-19-ல் நடந்தது நடக்காததாகிவிடாது.

31 மார்ச் 2024

அக்கா மகன் அந்த பூட்ஸைத் தாண்டி மூன்று ஜோடி மாற்றிவிட்டான் என்று சேர்க்க மறந்துவிட்டேன். பள்ளி அணியில் வலது பின்கள ஆட்டக்காரன். அஜித்குமார் இடம்.

7 ஏப்ரல் 2024

கேள்வி கேட்ட நண்பர் மறுபடி எழுதியிருக்கிறார். "அதிர்ஷ்டம்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன் அண்ணா. ஆனா மார்ச் 1-ஆம் தேதி கோவாவில் சர்ச்சில்கிட்ட தோத்ததுக்கு என்ன சொல்றீங்க? அன்னிக்கே முடிச்சிருக்கலாமே?"

அது நியாயமான கேள்வி தம்பி. 2-3. இருபது ஆட்டத்தில் 13 வெற்றி, 4 சமன், 3 தோல்வி. அந்த மூன்றில் என் வயிறு கலங்கியது இதில்தான். பின்கள ஆட்டம் அன்று சரியில்லை, எதிரில் பிளாசா வேறு. கோல் போடும் அளவுக்குத் தடுக்கும் வேலை எங்களுக்கு வரவில்லை என்பது அந்த சீசனின் உண்மைகளில் ஒன்று. அக்பர் நவாஸ் அதைத் தெரிந்தே அப்படி ஆடினார் என்று நினைக்கிறேன். மூன்று வாங்கினாலும் நாலு போடலாம் என்ற தைரியம். கோவாவில் அந்த நாலாவது வரவில்லை. இருந்தும் ஒரு வாரம் கழித்து 0-1 என்று பின்தங்கியபோதும் அதே போலத்தான் ஆடினார்கள். பயந்து ஓங்கி உதைக்கவில்லை.

14 ஏப்ரல் 2024

சித்திரை ஒன்று. வீட்டை ஒதுக்கியபோது சம்பளச் சீட்டுகள் வைத்திருந்த கவரில் மார்ச் 9 டிக்கெட் கிடைத்தது. பின்பக்கம் நீல மையில் எழுதியிருக்கிறது:

40 – 40
2-1, 2-1
நாம தான்

என் கையெழுத்து இல்லை. இடைவேளையில் பெரியவர் "டிக்கெட்டைக் கொடுங்க தம்பி" என்று வாங்கி ஏதோ எழுதித் திருப்பிக் கொடுத்தார். அதைப் படிக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.